கிலோக் கணக்கும் முள் கணக்கும்

கடலில் தூண்டில் போடுகிறவர்களிடம் எந்த இரை நல்லது என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் இறால் என்பார்கள். சரி, கைக்கு அடங்கும் விலையில் எது நல்லது என்று கேட்டால், அன்றைக்குச் சந்தையில் எது மலிவோ அதை வாங்கிக்கொள் என்பார்கள். இந்த இரண்டு பதில்களும் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தன. முதல் பதிலைச் சொல்கிறவர் மீனின் நாக்கை மட்டும் நினைக்கிறார். இரண்டாவது பதிலைச் சொல்கிறவர் தன் பையை மட்டும் நினைக்கிறார். இரை தண்ணீருக்குள் போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதை இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அயிரையை விட்டு வராலைப் பிடிப்பது என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அயிரையே வராலின் விலைக்கு விற்கும் இந்தக் காலத்தில், அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் படகேறிப் போகிறவன் அல்லன். சென்னைக் காசிமேட்டுக்கு வடக்கே, கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளும், பழவேற்காட்டு முகத்துவாரமும்தான் என் எல்லை. கற்களின் இடுக்கில் சிறு களவாயும் செப்பிலியும் இருக்கும், வளைவை ஒட்டிய மணல் தரையில் கிழங்கானும் கெளுத்தியும் மேயும், நல்ல நாளாக இருந்தால் பாறை மீன் கூட்டம் ஒன்று விரட்டிக்கொண்டு வரும், முகத்துவாரத்தில் கொடுவா. இவற்றில் எதற்காகப் போனாலும், முதலில் தூண்டில் முள்ளைத் தேடி வருவது இவற்றில் ஒன்றுமில்லை. கீச்சானும் பேத்தையும்தான் முதலில் வரும்.

கீச்சானை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உடலில் வளைந்த கருங்கோடுகள் ஓடும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு மீன் அது. வெளியே எடுத்தால் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். செவுள் மூடியில் இருக்கும் முள் கையைக் கிழித்துவிடும். கூட்டமாக வந்து இரையைப் பக்கவாட்டில் கிள்ளிக் கிள்ளித் தின்னும். முள்ளை விழுங்குவது அரிது. கோலின் நுனி படபடவென்று அடித்துக்கொள்ளும், சுண்டி இழுத்தால் ஒன்றும் இருக்காது. பேத்தை இன்னும் மோசம். கிளியின் அலகுபோன்ற அதன் பற்கள் இரையோடு தூண்டில் நரம்பையும் சேர்த்து நறுக்கிவிடும். இந்த இரண்டும் மேய்கிற இடத்தில் உரித்த இறாலைக் குத்தி வீசினால், எடைக்குக் கட்டிய ஈயம் தரையில் உட்கார்ந்து நரம்பை இறுக்கிக் கட்டுவதற்குள் பாதி போயிருக்கும். ஓட்டோடு குத்தினால் இன்னும் சில நிமிடம் தாங்கும். ஆனால் திரும்பச் சுற்றி எடுக்கையில் தலையும் இல்லாமல் சதையும் இல்லாமல் வெறும் கூடு மட்டும் முள்ளில் ஆடிக்கொண்டிருக்கும். தூண்டில்காரர் அதைப் பார்த்து, 'மீன் நன்றாகக் கடிக்கிறது' என்று மகிழ்ந்துகொண்டு அடுத்த இறாலை எடுப்பார். கிலோ நானூறு ரூபாய் இறாலை இப்படித்தான் கீச்சான்களுக்கு விருந்து வைக்கிறோம்.

பழவேற்காட்டில் கேட்ட கேள்வி

என் கணக்கு மாறியது பழவேற்காட்டில். ஏரியின் ஆழமில்லாத பகுதிகளில் இருளர் பெண்கள் வலையில்லாமல் வெறுங்கையால் இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு நீரில் குனிந்தும் தவழ்ந்தும் நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கி எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைக் கூடையான பறிக்குள் போடுவார்கள். கைகள் இரண்டும் சேற்றில் வேலையாக இருப்பதால் பறியைப் பிடிக்க வாய் மட்டுமே மிச்சம். அப்படிப் பிடித்துக் கரையேறிய ஓர் அக்காவிடம் உயிர் இறால் கேட்டேன். கிலோ என்ன விலை என்பதுதான் என் முதல் கேள்வி.

"கிலோவெல்லாம் எதுக்குப்பா? எத்தினி முள்ளு போடப்போற, அத்தச் சொல்லு" என்றார்.

இரண்டு முள், ஒரு காலைப்பொழுது என்றேன். "அப்ப இருவது போதும். உசுரோட இருக்கறதுதான் உனக்கு. செத்துச்சுன்னா கீச்சானுக்கு" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியில் எண்ணிப் போட்டு முடிந்து கொடுத்தார். உயிரோடு இருப்பவை மட்டும்தான் எண்ணிக்கையில் வந்தன. துவண்டு கிடந்தவற்றை ஒதுக்கித் தன் பறிக்கே திருப்பிவிட்டார். அவருக்கு அவை குழம்புக்கு ஆகும், எனக்குத்தான் ஆகாது.

சந்தையில் வாங்குகிறவன் எடைக்கு விலை கேட்கிறான். அந்த எடை சட்டிக்குள் போகப்போவதானால் அது சரியான கேள்வி. முள்ளில் மாட்டப்போகிறவனோ வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: ஒரு கிலோவிலிருந்து எத்தனை முள்ளுக்கு இரை கிடைக்கும், ஒரு முறை குத்தினால் அது எவ்வளவு நேரம் நிற்கும். வீட்டுக்கு வந்து இந்தப் புதுக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது, நான் மலிவு என்று நினைத்திருந்ததும் விலை அதிகம் என்று நினைத்திருந்ததும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன.

எங்கள் பகுதியில் நடுத்தர இறால் கிலோ நானூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 60 நிற்கும். அதாவது ஒரு முள்ளுக்கு ஏறத்தாழ ஏழு ரூபாய், ஆயுள் சில நிமிடங்கள். ஊசிக் கணவாய், சென்னையில் நாங்கள் கடம்பா என்போமே, அது கிலோ முந்நூறு. 150 கிராம் எடையுள்ள ஒரு கடம்பா 45 ரூபாய். அதை விரல் அகல நாடாக்களாக நறுக்கினால் 15 துண்டுகள் தேறும். முள்ளுக்கு மூன்று ரூபாய். மத்தி கிலோ 120 ரூபாய்க்கு வந்தால் 20 மீன். ஒன்றை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டலாம். இதுவும் முள்ளுக்கு இரண்டு, மூன்று ரூபாய்தான். ஆனால் மத்தித் துண்டு ஒரு வீச்சுக்கே நெகிழ்ந்துவிடும். கடம்பாத் துண்டோ கீச்சான் கடித்த பிறகும் நிற்கும், ஒரு மீனைப் பிடித்துக் கழற்றிய பிறகும் அதே முள்ளில் இருக்கும், அப்படியே மறுபடி வீசலாம். காலநேரத்தையும் சேர்த்து வகுத்தால் எடைக் கணக்கில் மலிவாகத் தெரிந்த மத்தி பின்னுக்குப் போகிறது. கடம்பா முன்னுக்கு வருகிறது.

கடம்பாவின் உடற்சுவர் வெறும் சதை அல்ல. தசை நார்களின் மேலும் கீழும் குறுக்கு நெடுக்காகப் பின்னிய இணைப்பு நார்களின் விரிப்பு இருக்கிறது. அதனால்தான் அது பல்லுக்குச் சுலபத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. வாசனையிலும் அது இறாலுக்குக் குறைந்ததன்று. கடலின் உப்புக்கு ஈடுகொடுப்பதற்காக இறாலும் கணவாயும் தம் திசுக்களில் கிளைசின், பீட்டெய்ன் போன்ற பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. நீரில் கரையும் இவையே மீனின் மூக்கையும் நாக்கையும் எட்டுகின்றன. மத்தியின் எண்ணெய்தான் மீனை இழுக்கிறது என்று பலர் சொல்வதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. எண்ணெய் கரையாது, மேலே மிதந்து போய்விடும். தரையில் மேயும் கெளுத்திக்கு எட்டுவது மத்தியின் இரத்தமும் சதைச்சாறும்தான்.

உப்பு

கட்டுப்படியாகும் இரை என்றால் என் வரையில் அதில் பாதிப் பங்கு கல்லுப்புக்கு உரியது. மத்தி நெகிழ்ந்துபோகிறது என்றேன். அதற்குக் காரணம் சதை மட்டுமன்று. மத்தியின் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் மீன் செத்த பிறகும் வேலை செய்து வயிற்றுச்சுவரைக் கரைத்துவிடுகின்றன. பனிக்கட்டி இல்லாமல் அரைநாள் கிடந்த மத்தியை எடுத்தால் வயிறு வெடித்திருப்பது இதனால்தான். வீட்டுக் குளிர்பெட்டியில் உறைய வைத்தாலும் தீர்வு இல்லை. மெதுவாக உறைகையில் பெரிய பனித்துகள்கள் உருவாகித் திசுக்களைக் கிழித்துவிடும். உருகிய பிறகு கையில் எடுத்தால் சதை குழைந்து வரும்.

நான் செய்வது இதுதான். மத்தியின் தலையைச் சாய்வாக வெட்டிக் குடலை எடுத்துவிட்டு, மீதியைத் துண்டு போட்டு, அடியில் ஓட்டையிட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் கல்லுப்பு ஒரு படுகை, மீன் ஒரு படுகை என்று அடுக்குவேன். ஓர் இரவு வைத்தால் உப்பு நீரை இழுத்து வெளியேற்றிவிடும். கலங்கிய செந்நீர் கீழே வடிந்திருக்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் துண்டு சுருங்கி, தோல் இறுகி, வளைத்தாலும் உடையாத பதத்துக்கு வந்திருக்கும். இதன் பிறகு குளிர்பெட்டியில் வைத்தாலும் கல்லாக உறையாது. சதைக்குள் இருப்பது உப்புநீர் என்பதால் அதன் உறைநிலை கீழே இறங்கிவிடுகிறது. எனவே விடியலில் வேண்டியதை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வடிந்த நீரோடு வாசனையிலும் ஒரு பங்கு போய்விடுகிறது என்பதை மறுக்க மாட்டேன். நீர் தெளிந்திருக்கும் நாளில் இது பெரிதாகத் தெரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கலங்கிக் கிடக்கையில், மீன் கண்ணைவிட மூக்கை நம்பியிருக்கும் நேரத்தில், உப்பிட்ட இரை சற்றுப் பின்தங்குகிறது. அந்த மாதங்களில் உப்பிட்ட துண்டோடு ஓர் இறால் தலையையும் சேர்த்துக் கட்டிவிடுவேன்.

இறால் தலைக்குப் பெரும்பாலும் விலையே இல்லை. மீன் சந்தையில் விற்கிறவர் ஒருவர், சுத்தம் செய்து கொடுக்கிறவர் இன்னொருவர். வெட்டுபவரின் பலகைக்குக் கீழே இருக்கும் வாளியில் இறால் தலையும் ஓடும் நிறைந்து கிடக்கும். இறாலின் கல்லீரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு தலையில்தான் இருக்கிறது. வால்சதையைவிட வாசனை அதில்தான் அதிகம். நாம் ஏழு ரூபாய் கொடுத்து மென்மையான பகுதியை முள்ளில் குத்துகிறோம், மணக்கும் பகுதி வாளிக்குப் போகிறது. தலை முள்ளில் தானாக நிற்காது, தையல் சாமான் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் நூலால் நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். முடிச்சு வேண்டியதில்லை, இழுத்து அறுத்தால் நூல் தன்னையே பற்றிக்கொள்ளும். அந்த ஒரு உருண்டை நூல் இரைச் செலவைக் குறைத்த அளவுக்கு வேறெந்தச் சாமானும் குறைத்ததில்லை. வெட்டுகிற அண்ணனுக்கு நான் கொடுப்பது ஒரு டீக்காசு. கொடுக்காவிட்டாலும் தருவார், கொடுத்தால் குடலையும் செதிலையும் கலக்காமல் தனியாக எடுத்து வைத்திருப்பார்.

நறுக்குவதிலும் கணக்கு இருக்கிறது. கடம்பா நாடாவை ஒரு முனை அகலமாகவும் மறுமுனை கூராகவும் வெட்டி, அகன்ற முனையில் முள்ளை இருமுறை ஏற்றி இறக்கினால் நீரோட்டத்தில் வால்போல ஆடும். நடுவில் குத்தினால் காற்றாடி மாதிரி சுழன்று நரம்பை முறுக்கிவிடும். மத்தியின் வால் துடுப்பைக் கழிப்பதும் இதற்காகத்தான். பெரிய இரை பெரிய மீன் என்ற நம்பிக்கையில் முழு மத்தியைக் கோப்பவர்கள் கரையில் நிறையப் பேர். வீசும் வேகத்தில் இரை ஒரு பக்கமும் ஈயம் ஒரு பக்கமும் பறப்பதை அவர்களே பார்த்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள்.

காலமும் சந்தையும்

இதெல்லாம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. கடம்பா பெரும்பாலும் இழுவலையில் வருகிற சரக்கு என்பதால், தடை தொடங்கிய சில நாளில் சந்தையில் அதன் முகமே தெரியாது. தெரிந்தாலும் ஐஸ் கிடங்கிலிருந்து வந்ததாக இருக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் மத்தியும் கவலை மீனும் ஓரளவு வரும், ஆனால் உண்கிறவர்கள் அத்தனை பேரும் அதையே மொய்ப்பார்கள். எனவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே கடம்பாவை வாங்கி நறுக்கி உப்பிட்டு, ஒரு பொழுதுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி வைத்துவிடுவது என் வழக்கம். குளிர்பெட்டியின் மேல்தட்டு யாருடையது என்பதில் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். அதன் விவரம் இங்கே வேண்டாம்.

சங்காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழுவலையில் கடைசியாகக் கொட்டப்படும் காரப்பொடி மீன், சிறு நண்டு, பொடிக் கணவாய், பெயர் தெரியாத குஞ்சுகள் எல்லாம் கலந்த குவியல் ஒரு காலத்தில் தூண்டில்காரனுக்குச் சும்மா கிடைத்தது. இன்று மீன்தூள் ஆலைகளும் கோழித்தீவனமும் அதற்கு ஒரு விலை வைத்துவிட்டன. விலையைவிட எனக்கு அதில் வேறொரு சங்கடம் உண்டு. குவியலைக் கிளறினால் விரல்நீளக் களவாயும் செப்பிலியும் கிடைக்கின்றன. எந்த மீனைப் பிடிக்கத் தூண்டிலோடு போகிறேனோ அதன் குஞ்சையே முள்ளில் குத்துவது கணக்கில் லாபமாக இருந்தாலும் என்னால் முடிவதில்லை. காரப்பொடியைப் பொறுக்கி வாங்கத் தடையில்லை, ஆனால் பொறுக்க விடும் வியாபாரி அரிது.

கடற்புழுவும் அப்படித்தான். கிழங்கானுக்குச் சேற்றுப்புழுவைவிட மேலான இரை இல்லை என்பது உண்மை. ஆனால் பழவேற்காட்டுச் சேற்றுத்திட்டுகளைத் தோண்டி எடுக்கப்படும் பாலிகீட் எனப்படும் இந்தப் புழுக்கள் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குத் தாய் இறாலின் தீவனமாகப் போகின்றன. அது பறவைகள் சரணாலயப் பகுதி, அந்தத் திட்டுகளில் மேயும் கரைப்பறவைக்கும் ஏரி மீனுக்கும் அந்தப் புழுதான் சோறு. மீனவர்களே இந்தத் தோண்டலை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்திலோ, 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதற்குப் பிறகு, சேற்றிலிருந்து எதையும் இரைக்கு எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கிழங்கானுக்கு நான் பயன்படுத்துவது கடம்பாவின் காலிலிருந்து நறுக்கிய தீக்குச்சி அளவுத் துண்டு. புழுவுக்கு விழுகிற அளவுக்கு விழாது; போதுமான அளவுக்கு விழும்.

கொடுவாவிடம் இந்தச் சிக்கனம் எதுவும் எடுபடாது. அதற்கு இரை அசைய வேண்டும். செத்ததைச் சீண்டுவது அரிது. சிறு மடவை மீனோ உயிர் இறாலோ வேண்டும். அதற்குச் சொந்தமாக ஒரு வீச்சுவலை வைத்திருப்பதுதான் மலிவான வழி. வலைக்கு ஒரு முறை செலவு, பிறகு மடவைக்குக் காசில்லை. மணிக்கட்டு பழகும் வரை வலை வட்டமாக விரியாமல் கயிறாக விழும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உயிர் இறால் என்றால் இன்றும் அந்தப் பெண்களிடம்தான் வாங்குகிறேன், எண்ணிக்கைக் கணக்கில். ஒன்றுக்கு அவர்கள் சொல்லும் விலை சந்தையில் கிலோ விலையை வகுத்து வரும் விலையைவிடக் கூடுதல்தான். உயிரோடு இருக்கும் இறால் முள்ளில் உதைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அது கூடுதல் அல்ல.

இரையே வேண்டாம், நல்ல செயற்கை இரை ஒன்று வாங்கினால் ஆயுள் முழுக்க வரும் என்பவர்களும் உண்டு. மணல் கரையிலும் படகிலும் அது நடக்கும். தூண்டில் வளைவின் கருங்கல்லுக்குள் சில நூறு ரூபாய் ஜிக் என்ற உலோக இரையை வீசுகிறவரின் முகத்தை, அது கல்லில் மாட்டி நரம்பு விண்ணென்று இழுபடும் கணத்தில் பார்க்க வேண்டும். கடம்பா மாட்டினால் மூன்று ரூபாயும் ஒரு முள்ளும் போகும்.

மடவைக்கு மட்டும் ஊன் இரையே தேவையில்லை. பாசியும் வண்டலும் மேய்கிற மீன் அது. சிறிய முள்ளில் மைதா உருண்டை போதும். வெறும் மைதா கரைந்துவிடும் என்பதால் நான் தெருமுனைப் பரோட்டாக் கடையில், மாஸ்டர் அடித்துப் பிசைந்து ஊறவைத்த மாவில் ஓர் உருண்டை கேட்டு வாங்குகிறேன். பிசையப் பிசைய மாவின் பசை இறுகி நீரில் பிரியாமல் நிற்கிறது. எண்ணெயும் சேர்ந்திருப்பதால் கையிலும் ஒட்டாது. ஒரு பரோட்டா விலைக்கு ஒரு காலைப்பொழுது ஓடிவிடும்.

கெளுத்திக்குக் கறிக்கோழியின் தோலும் குடலும் போதும், கோழிக்கடையில் சும்மாவே கிடைக்கும் என்று என் மைத்துனர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார். கெளுத்திக்கு மீசையில் மட்டுமன்றி உடல் முழுக்கச் சுவை அறியும் மொட்டுகள் உண்டு, எதுவானாலும் தேடி வரும் என்பது அவர் வாதம். தோல் கடம்பா அளவுக்கு முள்ளில் நிற்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் குடலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுகிறார். "அதுவும் லாபம்தான் மச்சான், இடம் விசாலமாக் கிடைக்குதில்ல" என்கிறார் மைத்துனர்.